அடியில் ஒழுகிய தண்ணீர் வேருக்குப் போகவில்லை: ஓர் இமாம்பசந்த் கன்றைப் பிழைக்க வைத்த அனுபவம்

அத்தைக்கு முட்டியில் அறுவை சிகிச்சை, கூட இருக்க ஆள் வேண்டும் என்று மே 1-ஆம் தேதி எல்லோரும் மதுரைக்குப் போயிருந்தோம். திருச்சிக்குத் திரும்பியது 19-ஆம் தேதி இரவு. பையைக் கூடத்தில் போட்டுவிட்டு அப்பா நேராக மொட்டை மாடிக்குத்தான் போனார். நான் பின்னாலேயே போனபோது, செல்போன் வெளிச்சத்தை மாங்கன்றின் மேல் பிடித்தபடி பேசாமல் நின்றிருந்தார். ஓர் இலைகூடப் பச்சையாக இல்லை. எல்லாம் பழுப்பேறி, சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா ஆசையாக வாங்கி வந்த இமாம்பசந்த் ஒட்டுக்கன்று அது. மே, ஜூன் வந்தால் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் இமாம்பசந்த் வாங்காமல் அவர் இருந்ததில்லை. மெல்லிய தோல், நாரே தட்டுப்படாத சதை, விலையும் அதற்கேற்ற விலை. நம் வீட்டிலேயே ஒரு பழமாவது காய்த்துப் பார்க்க வேண்டும் என்று 20 லிட்டர் பெயின்ட் வாளியில் வைத்து வளர்த்தார். தரையில் வைக்க எங்களுக்கு இடம் கிடையாது.

மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அவரிடம்தான் சாவி கொடுத்திருந்தோம். கன்றைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு நாள்கூட விடல தம்பி. காலைல ரெண்டு சொம்பு ஊத்துவேன். அடியில தண்ணி வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் இறங்குவேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மற்ற தொட்டிகளில் இருந்த கற்றாழையும் மல்லிகையும் நன்றாகவே இருந்தன. வாளியின் அடியில் தட்டோட்டில் தண்ணீர் ஓடிய கறையும் தெரிந்தது. தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒரு கன்று தாகத்தில் காய்ந்திருக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கேதான் போனது? அதைக் கண்டுபிடிக்காமல் வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பழைய குடைக்கம்பி ஒன்று எடுத்து வந்து வாளிக்குள் குத்திப் பார்த்தேன். ஓரத்தில் கம்பி சரசரவென்று அடிவரை இறங்கியது. வாளிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. காய்ந்த கலவை சுருங்கிச் சுவரை விட்டு விலகியிருந்தது. தண்டுக்குப் பக்கத்தில் குத்தினால் நான்கு விரற்கடை ஆழத்தில் 'டக்' என்று செங்கல்லில் இடித்த மாதிரி நின்றுவிட்டது. அழுத்தித் திருகி வெளியே எடுத்தபோது கம்பி நுனியில் ஒட்டியிருந்தது காய்ந்த செம்மண் தூள். ஈரம் துளியும் இல்லை.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. நர்சரியில் கன்று கறுப்பு பாலிதீன் பையில், கெட்டியான செம்மண்ணில் வளர்ந்தது. நாங்கள் பையைக் கிழித்து அந்த மண்கட்டியை அப்படியே வைத்து, சுற்றிலும் தென்னை நார்க்கழிவும் எருவும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்பியிருந்தோம். நார்க்கழிவு பொலபொலவென்று இருக்கும், செம்மண் கட்டி இறுகி இருக்கும். ஊற்றும் தண்ணீர் லேசான வழியாகப் பார்த்துத்தான் போகும். கட்டிக்குள் மெதுவாக ஊறுவதற்குள் சுற்றியுள்ள நார்க்கழிவு வழியாக இறங்கிவிடும். ஈரம் இருக்கும்வரை இது பெரிய குறையாகத் தெரியாது. கத்திரி வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காய்ந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது.

காய்ந்த நார்க்கழிவையும் சோதித்துப் பார்த்தேன். அரை சாண் ஆழத்திலிருந்து ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் பரப்பி, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு உள்ளே இறங்கவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு, பளபளவென்று மேலேயே நின்றது. கையைச் சாய்த்தால் தூளை ஒட்டிக்கொண்டு உருண்டு ஓடியது. நார்க்கழிவு ஈரமாக இருக்கும்போது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். எலும்பாகக் காய்ந்துவிட்டால் அதே நார்க்கழிவு தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. அக்கா ஊற்றிய இரண்டு சொம்பும் சுவர் ஓரத்து இடைவெளியில் இறங்கி, அரை நிமிடத்தில் அடித்துளை வழியாக வெளியே வந்திருக்கிறது. அடியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? நானும் அப்படித்தான் இறங்கிப் போயிருப்பேன்.

வாளியை வைத்த இடமும் தப்பு. அது என் வேலை. மேற்கு வெயில் முழுக்கப் படும் இடத்தில், தட்டோட்டின் மேல் நேராக வைத்திருந்தேன். மதியம் மூன்று மணிக்குச் சமையல் தெர்மாமீட்டரை வாளியின் மேற்கு ஓரத்து மண்ணில் செருகிப் பார்த்தேன். 46 டிகிரி. வெயிலில் இலை தாங்கும், அந்தச் சூட்டில் வேர் வேகத்தான் செய்யும்.

சரி, உயிர் இருக்கிறதா?

இதற்கு இரண்டு வழிகளில் பார்த்தேன். முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பது. நுனியில் கீறினால் உள்ளே பழுப்பு, உலர்ந்த நார். ஒரு சாண் கீழே வந்தும் அதே பழுப்பு. ஒட்டுக்கட்டிய முடிச்சுக்கு மேலே நான்கு விரற்கடையில் கீறியபோது பச்சை தெரிந்தது. சந்தோஷப்பட்டுச் சுற்றிக் கீறினால் அந்தப் பச்சை கிழக்குப் பக்கம் மட்டும்தான். மேற்குப் பக்கப் பட்டை செத்திருந்தது. முடிச்சுக்குக் கீழே சுற்றிலும் பச்சை. அதாவது வேர்ச்செடி, ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் வேறொரு மாஞ்செடி, நன்றாகவே உயிரோடு இருக்கிறது, இமாம்பசந்த் பாகம் நான்கு விரற்கடை நீளத்துக்கு, அதுவும் பாதிப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வழி இலைகள். மேல் கிளையின் இலைகளை இழுத்தாலும் கழன்று வரவில்லை, காம்போடு விறைத்து நின்றன. கீழே இருந்த இரண்டு இலைகளோ விரல் பட்டதுமே காம்பு சுத்தமாகக் கழன்று விழுந்தன. இலை உதிர்வது மரம் உயிரோடு இருந்து செய்கிற வேலை. காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கை அதுவே உண்டாக்கி இலையை வெட்டிவிடுகிறது. கிளை திடீரென்று செத்துப்போனால் அந்த வேலைக்கு நேரம் இருக்காது, காய்ந்த இலை அப்படியே தொங்கும். அந்த இரண்டு இலைகள் விழுந்த இடம்தான், நகக்கீறலில் பச்சை தெரிந்த அதே இடம். அப்பாவிடம் காட்டினேன். கழன்ற காம்பின் தழும்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் கன்றை ஊறவைக்க முடிவு செய்தோம். பழைய 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நடுவில் அறுத்து, அடிப்பாதியை எடுத்துக்கொண்டோம். பயணப்பெட்டி நிறுக்கும் கைத்தராசில் வாளியை மாட்டி நிறுத்தேன், 13.2 கிலோ. இந்தக் கணக்கு பின்னால் ரொம்ப உதவியது.

வாளியை டிரம்முக்குள் வைத்த பிறகு, வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் காவிரித் தண்ணீர் விட்டோம். போர் தண்ணீர் வேண்டாம் என்று நினைத்தேன். வாளி ஓரத்தில் ஏற்கெனவே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நேராக மேலே ஊற்றினால் காய்ந்த நார்க்கழிவு மிதந்து கிளம்பிவிடும், அதனால் அடித்துளை வழியாகவே தண்ணீர் ஏறட்டும் என்று விட்டோம். தண்ணீர் எளிதாக ஊறுவதற்காக, இரண்டு பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய தண்ணீர் அரை டம்ளரும் சேர்த்தேன். பட்டுப்புடவை துவைக்க நுரை தருகிற அதே குணம்தான் தண்ணீரை நார்க்கழிவில் ஒட்ட வைக்கிறது.

வெளித் தண்ணீர் மண்மட்டத்துக்கு வந்ததும் குமிழிகள் ஆரம்பித்தன. முதலில் சுவர் ஓரமாகப் பெரிது பெரிதாக வந்து சீக்கிரமே நின்றுவிட்டன. அதன் பிறகு தண்டைச் சுற்றி, செம்மண் கட்டி இருக்கும் இடத்திலிருந்து, கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மீன் மூச்சு விடுவது போல ஒவ்வொன்றாக ஏறி, மேலே வந்து உடைந்தன. அப்பா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் வரை வந்துகொண்டே இருந்தன. பதினெட்டு நாளாகத் தண்ணீர் நுழையாத இடத்திலிருந்து இப்போதுதான் காற்று வெளியேறுகிறது.

குமிழி நின்றதும் இன்னும் பத்து நிமிடம் விட்டு வாளியைத் தூக்கிவிட்டோம். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று அம்மா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரைகுறை உயிரோடு இருக்கும் வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி ஒரு மணி நேரம் வடியவிட்டு நிறுத்தபோது 18.9 கிலோ. ஐந்தரைக் கிலோவுக்கு மேல், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தினமும் இரண்டு சொம்பு ஊற்றிய வாளியில் அவ்வளவு வெற்றிடம்.

அன்று மாலையே குடைக்கம்பியால் செம்மண் கட்டிக்குள் எட்டு இடத்தில் துளை போட்டு, மணல் நிரப்பினேன். இப்போது மண் இளகியிருந்ததால் கம்பி இறங்கியது. வேர் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துகொண்டேன். சுவர் ஓர இடைவெளியில் ஈரமான கலவையைத் திணித்து மூடினேன். மேலே காய்ந்த இலைகளால் மூடாக்கு. வாளியைச் சுற்றி ஈரச்சாக்கு. இடம், மாடிப்படிக் கூண்டின் கிழக்கு நிழல். காலை வெயில் படும், மதியத்துக்கு மேல் நிழல். இலை இல்லாத தண்டின் மேல் நேர் வெயில் பட்டால் பட்டை வெந்துவிடும் என்பதால், பச்சை இருந்த பகுதிக்கு மோர் மாதிரி நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு பூசினோம். ரோட்டோரப் புளியமரங்களுக்கு அடிப்பதைப் பார்த்து அப்பா சொன்ன யோசனை இது.

செய்யாமல் விட்டவையும் உண்டு. உரம் எதுவும் போடவில்லை. டிஏபி ஒரு கைப்பிடி போடு, பஞ்சகவ்யம் ஊற்று என்று சொன்னவர்கள் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் இலையே இல்லாத மரத்துக்கு உரத்தை வைத்துச் செய்ய வேலை ஒன்றும் கிடையாது. மண்ணில் உப்பு ஏறினால் இருக்கிற கொஞ்ச வேரும் தண்ணீர் இழுக்கத் திணறும். காய்ந்த கிளையையும் அப்போது வெட்டவில்லை. எது செத்தது, எது பிழைக்கும் என்று மரம் சொல்வதற்கு முன் கத்தரியை எடுத்தால், பிழைக்க இருந்த துளிர்க்கண்ணையும் சேர்த்து வெட்டிவிடுவோம். வாளியை விட்டு மண்ணைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுவதையும் தள்ளிப் போட்டோம்.

அடுத்த இரண்டு வாரம்தான் கஷ்டமான காலம், ஏனென்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான்காம் நாளே அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தாகத்துல கிடந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தாம இருக்கியேப்பா" என்றார். நான் தராசைக் காட்டினேன். 18.2 கிலோ. நான்கு நாளில் 700 கிராம்தான் குறைந்திருக்கிறது. தண்ணீரை இழுத்து வெளியே விடுவது இலைதான். இலை இல்லாதபோது வாளி மெதுவாகத்தான் காயும். நன்றாக இருந்த காலத்தைப் போல தினமும் ஊற்றினால் இப்போது வேர் அழுகிவிடும். காய்ச்சலில் கிடந்தவருக்கு எடுத்ததும் பிரியாணி போடுவதில்லை என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் தராசு அவர் கைக்குப் போனது. தினமும் காலையில் காபிக்கு முன் வாளியை நிறுத்து, சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்தார். 17 கிலோவுக்குக் கீழே வந்தால் மட்டும் தண்ணீர். அதுவும் ஒரு பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு, தண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக.

ஜூன் 2-ஆம் தேதி, ஊறவைத்த பதின்மூன்றாம் நாள், முதல் துளிர் வந்தது. வந்த இடம்தான் சங்கடம். ஒட்டு முடிச்சுக்கு இரண்டு விரற்கடை கீழே. அது இமாம்பசந்த் இல்லை, ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டையில் முளைத்த வேர்ச்செடி. கன்று வாங்கிய நர்சரிக்காரரிடம் கேட்டதற்கு, "முடிச்சுக்குக் கீழ வர்றத உடனே கிள்ளிடுங்க சார், விட்டா மேல் கிளைய வரவிடாது" என்றார். பொதுவாக அவர் சொல்வது சரிதான். நன்றாக இருக்கும் மரத்தில் நானும் யோசிக்காமல் கிள்ளியிருப்பேன். ஆனால் இந்த மரத்தில் வேருக்குச் சோறு போட ஓர் இலைகூட இல்லை. உள்ளே இருந்த இருப்பைச் செலவழித்துத்தான் அந்தத் துளிரை அது விட்டிருக்கிறது. அதையும் கிள்ளிவிட்டால் மேலே துளிர்க்கத் தெம்பு எங்கிருந்து வரும்? ஒரு துளிரை மட்டும் வைத்துக்கொண்டேன். நான்கு இலை விட்டதும் நுனியைக் கிள்ளி, மேற்கொண்டு வளராமல் தடுத்து வைத்தேன். பிறகு வந்த இரண்டை நர்சரிக்காரர் சொன்னபடியே எடுத்துவிட்டேன். இன்றைக்கும் இது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 11-ஆம் தேதி காலை அப்பா கீழே இறங்கி வந்து என்னை எழுப்பினார். ஒன்றும் சொல்லாமல் மேலே கூட்டிப் போனார். சுண்ணாம்புப் பூச்சு ஓரிடத்தில் வெடித்திருந்தது. முடிச்சுக்கு மேலே, கிழக்குப் பக்கம், அந்த இரண்டு இலைகள் உதிர்ந்த தழும்புக்குச் சரியாக மேலே, மிளகு அளவில் ஒரு கண் பருத்து, நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது. நான்கு நாளில் அது கூம்பாக நீண்டு விரிந்தது. மாந்தளிர் நிறம் என்று படித்தும் கேட்டும் இருக்கிறேன், இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது அப்போதுதான். செம்பும் ரோஜாவும் கலந்த நிறம், ஈரம் மாதிரி ஒரு மினுமினுப்பு, எலும்பே இல்லாதது போலத் துவண்டு தொங்கும் இலைகள். காய்ந்துதான் தொங்குகிறதோ என்று அம்மா பயந்தார். இளந்தளிர் அப்படித்தான் தொங்கும், பச்சை ஏற ஏற நிமிரும்.

தளிர் வந்த சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஜூன் 24 காலையில் ஏழு இலைகளில் மூன்று, காம்பை ஒட்டிக் கத்தரியால் நறுக்கினது போல வெட்டுப்பட்டு, மூடாக்கின் மேல் கிடந்தன. எலியோ அணிலோ என்று முதலில் நினைத்தோம். வெட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் சந்தேகம் வந்து தேடியபோது, இலை வெட்டும் கூன்வண்டு என்று தெரிந்தது. மாவின் இளந்தளிரில் முட்டை வைத்து, இலையைத் தானே அறுத்துக் கீழே தள்ளிவிடும். புழு பொரிப்பது விழுந்த அந்தத் துண்டில்தான், பிறகு அது மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே விழுந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி எரித்தோம். கன்றின் மேல் பழைய கொசுவலையைப் போர்த்திக் கட்டினோம். மிச்ச நான்கு இலைகள் தப்பின. தளிர் வருவதற்கு முன்பே வலை கட்டியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு தளிர்ப்புக்கும் கட்டுவோம்.

ஜூலை நடுவில் இலைகள் கரும்பச்சை ஆகிவிட்டன. மேலே இன்னொரு கண்ணும் விட்டது. காலண்டரில் அப்பாவின் கணக்கும் மாறியிருந்தது. நாளுக்கு 150, 200 கிராம் என்று குறைந்துகொண்டிருந்தது 400 கிராமைத் தொட்டது. மரம் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் காய்ந்த கிளையை வெட்டினேன். பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, பச்சைப் பட்டைக்கு ஒரு நகக்கண் மேலே சரிவாக. வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினேன். வறட்சியில் வாடிய மாமரத்தில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயவைத்துக்கொண்டே வரும் பூஞ்சை சுலபமாக நுழைந்துவிடும், வெட்டுவாய் அதற்குத் திறந்த வாசல். முடிச்சுக்குக் கீழே விட்டு வைத்திருந்த துளிரையும் அன்றே நன்றி சொல்லி எடுத்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் கன்றைப் பெரிய இடத்துக்கு மாற்றினோம், டிரம்மின் அதே அடிப்பாதிக்கு. அடியில் பன்னிரண்டு துளை போட்டோம். இந்த முறை கலவையில் நார்க்கழிவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும்தான் பெரும்பங்கு. வாளியிலிருந்து எடுத்தபோது மேற்குப் பக்க வேர்கள் கறுத்து, இழுத்தால் உறை மட்டும் கையோடு வந்தது. கிழக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று புது வேர், நான் போட்ட மணல் துளைகளைப் பிடித்துக்கொண்டு செம்மண் கட்டிக்குள் இறங்கியிருந்தது. கட்டியின் ஓரங்களைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பழைய மண்ணும் புதுக் கலவையும் ஒன்றோடொன்று சேரும்படி வைத்தோம். மேல்மட்டத்தை விளிம்புக்கு நான்கு விரற்கடை தாழ்வாக விட்டிருக்கிறோம். அப்போதுதான் ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடாமல் நின்று இறங்கும்.

அக்கா இத்தனை நாளும் ஒரு குற்ற உணர்ச்சியோடுதான் மேலே வந்து போய்க்கொண்டிருந்தார். டிரம்மில் கன்று வைத்த அன்று, "என் வீட்டுக் கறிவேப்பிலையும் இப்படித்தான் தம்பி, எவ்ளோ ஊத்தினாலும் இலை கொட்டுது" என்றார். போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்ப் பை, உள்ளே முழுக்க நார்க்கழிவு. ஒரு கையால் தூக்கினால் வெறும் பை மாதிரி வந்தது. தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கே கொண்டு வந்தோம். அறுத்த டிரம்மின் மேல்பாதி மூடியோடு மிச்சம் இருந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீர் நிரப்பினோம். பை அமிழ்ந்ததும் ஓரமாக, பிறகு தண்டைச் சுற்றி, குமிழி வர ஆரம்பித்தது. அப்பா ஸ்டூலை நகர்த்தி அக்காவிடம் கொடுத்தார். "உக்காரும்மா, இது நிக்க அரை மணி நேரம் ஆகும்."